பூசுவதா, இடித்துப் போடுவதா?

(ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் கூட்டமைப்பின் பொருளாளர் பேசியது)



வரவு செலவு அறிக்கையை இப்போதுதான் படிச்சாங்க. அதில் "கட்டடப் பராமரிப்பு" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்ததை மறைக்காமல் சொல்லணும்னுதான் நிற்கிறேன். ஏன்னா அதில் என் தப்பும் இருக்கு.

நம்ம கட்டடம் உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் பழைய சீமை ஓட்டுக் கூடம். பின்பக்கம் பிற்பாடு சேர்த்த கான்கிரீட் அறை. கூட்ட நாளில் நம்ம பிள்ளைகளைப் படுக்க வைக்கிறது அந்த அறையில்தான். பதிவேட்டு பீரோவும் அங்கேதான். ரெண்டு பக்கமும் ஒழுகிச்சு. ஓடு ஒழுகினால் வாளி வைப்போம். தளம் ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுவோம். அவர் மேலே ஒரு கலவை போட்டு, கீழே பெயர்ந்த இடத்தைப் பூசிவிட்டு, "இனி கவலையில்லை" என்பார். அடுத்த ஐப்பசியில் மறுபடி ஒழுகும். இப்படி 3 தடவை. 3 தடவையும் காசோலையில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

போன தை மாசம், உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து பீரோ மேலே விழுந்தது. அன்னைக்குக் கூட்டம் இல்லை. அதனால்தான் இன்னைக்கு என்னால் இங்கே நின்று பேச முடியுது.

செயற்குழுவைக் கூட்டினோம். ரெண்டு கட்சி ஆச்சு. "ஓட்டையும் பிரிச்சுப் போட்டு முழுசும் மெத்தையாக்கிடலாம், இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டுக் கட்டடம்?" என்று ஒரு பக்கம். "இன்னொரு தடவை பூசிட்டு விடுங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது, கடன் கொடுக்கப் பணம் வேணும்" என்று இன்னொரு பக்கம். ரெண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஓடுதான் பழசு, தளம் பரவாயில்லை என்று எல்லாருமே நினைச்சோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தாங்க. 20 வருஷம் சித்தாள் வேலை பார்த்தவங்க. "ஒரு சுத்தியல் குடுங்க" என்றாங்க. ஏணி போட்டு ஏறி, தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கிட்டே போனாங்க. சில இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்டது. பல இடத்தில் காலி டப்பாவைத் தட்டின மாதிரி கேட்டது. "உள்ளே கம்பியை விட்டுக் காரை பிரிஞ்சிருக்கு பாப்பா. இதுக்கு மேலே பூசினா நிக்காது" என்றாங்க.

பிறகு வந்து பார்த்த இன்ஜினியரும் அதையேதான் சொன்னார். தளம் போடும்போது கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்கவில்லை. முக்கால் அங்குலமாவது காரை மூடியிருக்க வேண்டிய கம்பி, அடிமட்டத்திலேயே படுத்திருந்தது. ஈரம் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

துருப்பிடிச்சால் கம்பி மெலியும் என்று மட்டும்தான் நான் நினைச்சிருந்தேன். துருவானது, தான் தின்ற இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். காரைக்குள்ளே இடம் ஏது? உள்ளிருந்தே நெட்டித் தள்ளி உடைக்குது. அதைச் சுரண்டாமல் பூசுறது, சீழ் வச்ச புண்ணுக்குப் பவுடர் போடுற மாதிரிதான். இன்னொன்று, எடை. 100 சதுர அடியில் ஒரு அங்குலம் கலவை போட்டாலே ஏறக்குறைய அரை டன் ஆகும். நாம 3 தடவை போட்டோம். நிற்க முடியாதவள் தலையில் நாமே மூட்டை ஏத்தியிருக்கோம்.

ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால், பெயர்த்து, கம்பியைத் துருப் போகத் தேய்த்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துச் சரிசெய்யலாம். நமக்குப் பாதிக்கு மேல் போயிருந்தது.

சரி, ஓட்டையும் பார்ப்போம் என்று ஏறினோம். கைமரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினோம், இறங்கவே இல்லை. சுவரில் உட்காரும் முனையில் 2 கைமரத்தை மட்டும் கரையான் அரிச்சிருந்தது. ரீப்பர் பாதி உளுத்துப் போச்சு. ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டினோம். கணீர் என்றதை அடுக்கினோம், விரிசல் சத்தம் வந்ததைத் தள்ளினோம். பத்துக்கு எட்டு நல்ல ஓடு! நாம இடிக்க நினைச்சது நல்லா இருந்தது. வச்சிருக்க நினைச்சதுதான் ஆபத்து.

3 விலைப்புள்ளி வாங்கினோம். தளத்தை இடித்துப் புதுசாகப் போடுவது, ஓட்டைப் பழுதுபார்ப்பது என்று தீர்மானம் போட்டோம். 2 பேர் எதிர்த்தாங்க, அதுவும் பதிவேட்டில் இருக்கு. அவங்க பயந்தது நடக்கவும் செய்தது. 2 மாசம் கடன் தள்ளிப் போச்சு. ஒரு தங்கச்சி கம்மலை அடகு வச்சுத்தான் மகளுக்கு பீஸ் கட்டினாள். அதற்காக இந்த மேடையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கறேன். முதல் தடவையே சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தால், பூசுறதுக்குக் கொடுத்த பணம் அவளுக்குக் கடனாகப் போயிருக்கும்.

இடிக்கும்போது வந்த கம்பி, சில இடத்தில் ஈர்க்குச்சி கனம்தான் இருந்தது. ஒரு துண்டை பீரோவில் வச்சிருக்கேன், வந்து பாருங்க. புதுத் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் முன்னே கவர் பிளாக்கை நாமே குனிஞ்சு எண்ணினோம். பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தினோம். குழுவுக்கு ஒரு நாள் என்று முறை போட்டு நீங்கதான் ஊத்தினீங்க.

நம்மில் பல பேர் வீட்டுக் கூரைக்குக் கடன் கேட்கிறோம். கேட்கும் முன்னே வீட்டில் மூணு விஷயம் பாருங்க. தண்ணீர் எங்கே சொட்டுதுன்னு பார்த்தால் போதாது, எங்கே இறங்குதுன்னு பாருங்க. கெட்டது மேல்பூச்சா, உள்ளே தாங்குற கம்பியா, மரமா என்று தட்டிப் பாருங்க. ஒரே இடத்துக்கு இதுவரை எத்தனை தடவை, எவ்வளவு செலவழிச்சோம்னு நோட்டில் கூட்டிப் பாருங்க. பழசு என்பதற்காக இடிக்கவும் வேண்டாம், செலவுக்குப் பயந்து பிள்ளைகளை அதன் கீழே படுக்க வைக்கவும் வேண்டாம்.

புரட்டாசி முடியறதுக்குள்ளே பார்த்துடுங்க. தட்டிப் பார்க்க அந்த அக்கா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்.