ஜிமெயிலைப் பார்க்காமலே நேர்முகத் தேர்வுக்குப் போனவர்



ஷா ஆலம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய தொழில்நுட்ப நிறுவனம் என்பது இன்று எங்கோ கடல் கடந்து இருக்கும் சங்கதி அல்ல. மலேசியாவில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்வதாகக் கூகுள் 2024 மே மாதம் அறிவித்தது. தரவு மையத்துக்கு அது தேர்ந்தெடுத்த இடம் எல்மினா வணிகப் பூங்கா. தரவு மையத்துக்குள் வேலைக்கு அதிகம் பேர் தேவைப்பட மாட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் இத்தகைய நிறுவனங்களில் 'பொருள் சந்தைப்படுத்தல்' என்றொரு வேலை உண்டு. நிரல் எழுதத் தெரியாத வணிகத்துறை, தொடர்புத்துறைப் பட்டதாரிகள் கண் வைப்பது அதன் மீதுதான்.

அப்படி என்ன வேலை அது? பொருளை உருவாக்குபவர் பொறியாளர். எதை உருவாக்குவது என்று முடிவு செய்பவர் பொருள் மேலாளர். அது யாருக்கு, எந்தச் சொல்லில், எந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பவர் இவர். விளம்பரம் அதில் ஒரு பகுதிதான்.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுளின் நேர்முகத் தேர்வுக்குப் போன நாள் 2004 ஏப்ரல் 1. அவர் போனது பொருள் மேலாளர் வேலைக்கு. இதற்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அன்றுதான் ஜிமெயில் அறிவிக்கப்பட்டது. ஹாட்மெயில் 2 மெகாபைட் இடம் கொடுத்த காலத்தில் இவர்கள் 1 கிகாபைட் என்றார்கள். முட்டாள்கள் தின வேடிக்கை என்று உலகமே சந்தேகப்பட்டது. அவரும் அப்படித்தான் நினைத்தாராம். "ஜிமெயில் எப்படி?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். நான்காமவர், "பார்த்திருக்கிறீர்களா?" என்றார். "இல்லை" என்றார் பிச்சை. அவர் திறந்து காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோதுதான் சொல்வதற்கு விஷயம் இருந்தது. 2017 ஜனவரியில் கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களிடம் அவரே சொன்ன செய்தி இது. 2015-இல் அவர் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார்.

நம் பிள்ளைகளுக்கு அந்த "இல்லை" என்ற சொல்தான் வாயில் வருவதில்லை. நிறுவனத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்து, எஸ்.பி.எம். தேர்வு போல ஒப்பிக்கிறார்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். டூயிட்நவ் கியூஆர் 2019-இல் வந்தது. "கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் பூமாலை கட்டும் அக்காவிடம் இதை எப்படிக் கொண்டு சேர்ப்பீர்கள்?" உடனே "முகநூல் விளம்பரம், ஒரு நடிகர்" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. முதலில் அந்த அக்காவைப் பார்க்க வேண்டும். காலையில் மொத்த வியாபாரிக்கு ரொக்கமா கொடுக்கிறார்? தீபாவளிக் கூட்டத்தில் சில்லறைக்கு என்ன செய்கிறார்? பணம் வந்துவிட்டது என்று கை ஈரமாக இருக்கும்போது எப்படித் தெரிந்துகொள்வார்? கைப்பேசியைப் பார்த்துச் சொல்வது மகனா, மகளா? இதற்குப் பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் கிடைக்கும்.

"மூன்று மாதத்தில் வெற்றியை எப்படி அளப்பீர்கள்?" என்பது அடுத்த கேள்வியாக வரலாம். எத்தனை கடையில் ஸ்டிக்கர் ஒட்டினோம் என்பது கணக்கல்ல. ஒட்டிய பிறகு, எத்தனை கடைகள் வாரந்தோறும் அதில் பணம் வாங்குகின்றன என்பதே கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதில்கள் அங்காடிக் கடையில் அம்மாவுக்கு உதவியாக நின்ற பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும், கடை என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று அதைத் தன்விவரக் குறிப்பில் மறைத்துவிடுகிறார்கள். பெற்றோரும் "அதையெல்லாம் அங்கே போய்ச் சொல்லாதே" என்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் மூன்று ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாளா உங்கள் மகள்? தேதியோடு, என்ன விற்றது, எது தேங்கியது, எதை மாற்றினாள் என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.