லாகூர்ப் பட்டறையின் பித்தளை வானம்

 

பழம்பொருள் என்றதும் நாம் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். இன்று விலையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதைச் செய்த கைகளைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். நாம் எடுத்துக்கொண்டிருப்பது விண்கோளம்; அதாவது, விண்மீன்கள் பொறித்த பித்தளை உருண்டை.

இக்கலையில் பெயர்பெற்றது லாகூர். மொகலாயர் காலத்தில், ஷெய்கு அல்லாஹ்தாத் குடும்பத்தார் அங்கே நான்கு தலைமுறையாக விண்கோளங்களும் அஸ்தர்லாபுகளும் செய்தனர். அவர்களில் மிகுதியாகச் செய்தவர், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ளியாவுத்தீன் முஹம்மது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் இரண்டு அரைக்கோளங்களைச் செய்து ஒட்டினார்கள். லாகூரிலோ ஒட்டே இல்லாத முழு உருண்டையாக வார்த்தார்கள். களிமண் உருண்டையின் மேல் மெழுகு பூசி, அதன்மேல் மீண்டும் மண் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் பித்தளையைக் காய்ச்சி ஊற்றுவார்கள். உள்ளிருக்கும் மண்ணைத் துளைவழியே எடுத்துவிட்டு, அத்துளையைப் பித்தளைத் துண்டால் அடைப்பார்கள். பிறகுதான் விண்மீன்களைப் பொறிப்பார்கள். பல கோளங்களில் விண்மீன்கள் வெள்ளிப் பொட்டுகளாக மின்னும்.

வார்ப்பு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். விண்மீன்களின் தீர்க்கரேகை ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. ஆகவே பழைய அட்டவணையை அப்படியே பெயர்த்து எழுதாமல், தம் காலத்துக்குரிய திருத்தத்தையும் கூட்டினார்கள். இன்று சேகரிப்போர் ஒரு கோளத்தின் வயதைச் சோதிக்கும்போது, பொறித்த ஆண்டும் விண்மீன்களின் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் இதனால்தான்.

ளியாவுத்தீன் தம் பெயரோடு தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களையும் பித்தளையில் பொறித்தார். அந்தக் கையொப்பங்களால்தான் அக்குடும்பத்தின் வழிமுறை நமக்குத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் அதே லாகூரில் இக்கலையைத் தொடர்ந்தவர் லாலா பல்ஹுமல் என்னும் இந்துக் கைவினைஞர். கலை, அதைக் கற்றுக்கொள்ள முன்வந்தவரிடம் போய்ச் சேர்ந்தது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பளபளப்புக்காக அளவு மீறித் தேய்த்தால், மெல்லிய பொறிப்பு மழுங்கிவிடும். பெயர் அழிந்தால், கோளம் வெறும் பித்தளை உருண்டைதான். நம் வீடுகளிலும் பாட்டனார் கொண்டுவந்த செம்புகள், பெட்டிகள், கணக்கேடுகள் இருக்கின்றன. அவற்றைப் பழைய சாமான்காரருக்குப் போடுமுன், யார் செய்தது, யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். ஐம்பது ஆண்டு என்பது இரண்டு தலைமுறைக் காலம். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.