களைக்கொல்லி கலந்த நீரும் கரியும்

மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களில் களையை அடக்கத் தெளிக்கப்படும் மருந்துகளில் ஒன்று அட்ரசின். மண் இதை இறுகப் பிடித்துவைப்பதில்லை. இது சிதைந்து மறையவும் நெடுநாள் ஆகும். அதனால் மழை பெய்தால் ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரிலும் கலக்கிறது. நிலத்தடி நீர் மாசுபடுவதைக் கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இதற்கான அனுமதியை விலக்க முடிவு செய்தது. குடிநீர் ஒரு லிட்டரில் அட்ரசின் 3 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் வரம்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு 2 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அமெரிக்காவின் மக்காச்சோள மாநிலங்களில் மருந்து தெளிப்பது வசந்த காலத்தில். அடுத்து வரும் மழையில் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் அட்ரசின் அளவு ஏறிவிடும். குடிநீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் படிகாரம் சேற்றைப் படியவைக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். அட்ரசினை அவை அதிகம் குறைப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஆகவே பல ஊர்களின் நீர் நிலையங்கள் கிளர்வூட்டிய கரித்தூளை நீரில் கலக்கின்றன. இந்தச் செலவு குறித்து நீர் வழங்கும் அமைப்புகள் தொடுத்த வழக்கில், அட்ரசின் தயாரிக்கும் சின்ஜென்டா நிறுவனம் 2012-இல் 10.5 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

கரி இந்த வேலையைச் செய்வது அதன் நுண்துளைகளால். நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராமுக்குள் மடிந்து கிடக்கும் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ கால் ஏக்கர். நீரில் கரைந்த மருந்தின் மூலக்கூறுகள் துளைகளுக்குள் நுழைந்து, அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர்.

விலை குறைந்த கரிக்கு மூலப்பொருள் வயலிலேயே கிடைக்கிறது: நெல் உமி, கரும்புச் சக்கை, மக்காச்சோளத் தட்டை, தேங்காய்ச் சிரட்டை. காற்று மிகக் குறைவாக இருக்கும் உலையில், 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இவற்றைச் சுட்டால் உயிர்க்கரி கிடைக்கும். பொதுவாக, வெப்பம் கூடினால் துளைகளும் கூடும். கிடைக்கும் கரியின் எடை குறையும். அதையே 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டினால் கிளர்வூட்டிய கரியாகும். சிரட்டைக் கரி கெட்டியானது, மிக நுண்ணிய துளைகள் நிறைந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதைத் தயாரிக்கும் ஆலைகள் இயங்குகின்றன.

எல்லாக் களைக்கொல்லிகளும் கரியிடம் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. அட்ரசின் எளிதாக ஒட்டும். 2,4-டி அமிலத்தன்மை உள்ள நீரில் நன்றாக ஒட்டும். காரத்தன்மை ஏறினால் எதிர்மின்னேற்றம் பெற்று விலகும். கிளைபோசேட் நீரில் மிக நன்றாகக் கரைவதால் வெறும் கரியில் அதிகம் ஒட்டாது. அதற்கு இரும்புச் சேர்மம் ஏற்றிய கரி கூடுதல் பலன் தருகிறது. இலைதழை மட்குவதால் உண்டாகும் கரைபொருள்கள் நீரில் மிகுந்திருந்தால், அவையும் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆகவே எந்த நீருக்கு எந்தக் கரி, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதை அந்த நீரைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுப்புக்கரியை இடித்துக் குடிநீரில் போடுவது இதற்கு மாற்றாகாது. சரியாகச் சுடப்படாத கரியில் தாரும் நச்சுச் சேர்மங்களும் தங்கியிருக்கலாம். நல்ல கரியும் கிருமியைக் கொல்லாது. வடிகட்டிய பிறகும் குளோரின் வேண்டும். துளைகள் நிரம்பிய கரியை உரிய நேரத்தில் மாற்ற வேண்டும். அதை வயலில் கொட்டினால் மருந்து மீண்டும் மண்ணுக்கே போகும். உயர்வெப்ப உலையில் புதுப்பிப்பதோ எரிப்பதோதான் முறை.

கரி நீரைத் துப்புரவாக்கும். மருந்து நீரில் கலப்பதை அது தடுக்காது. மழை வரும் நாளில் தெளிக்காதிருப்பது, சிபாரிசு செய்த அளவைத் தாண்டாதிருப்பது, ஓடைக்கரையில் புல்வரப்பு விடுவது ஆகியவை வயலிலேயே செய்யக்கூடியவை. இவற்றைக் கடைப்பிடித்தால் கரியின் வேலையும் குறையும், ஊரின் செலவும் குறையும்.