வைஃபைக்குப் பூட்டு எங்கே இருக்கு?

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்டா, "என் மொபைல் நம்பர்தான், அடிச்சுக்கோ"ன்னார். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் அப்படிப் போட்டுட்டுப் போனாராம். மூணு வருஷமா அதுவேதான். "யாராவது நாலு வீடியோ பார்த்துட்டுப் போகட்டுமே, அன்லிமிடெட்தானே?"

வீடியோ பார்த்தா பரவாயில்லை. 2008 ஜூலை 26, அகமதாபாத்ல தொடர் குண்டுவெடிப்பு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போச்சு. அதோட ஐபி முகவரியைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட் வாசல்ல போய் நின்னாங்க. அவர் வீட்டு வைஃபைக்குப் பூட்டே கிடையாது. அனுப்பினது வேற யாரோ, விசாரணை முழுக்க அவருக்கு. ஐபி முகவரியை வெச்சு முதல்ல தெரியறது கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குங்கறது மட்டும்தான்.

இதைச் சொன்னதும் நண்பர் லேப்டாப்பைத் திறந்தார். உபுண்டு. "இதுல ரூட்டர் செட்டிங் பண்ண முடியுமா? விண்டோஸ் வேணாமா?" வேணாம். ரூட்டருக்குள்ள ஒரு குட்டி வெப் சர்வர் ஓடுது, அதைத் திறக்க பிரவுசர் போதும். சொல்லப்போனா நிறைய ரூட்டர்களுக்குள்ள ஓடறதே லினக்ஸ்தான்.

முதல்ல லேன் கேபிளை மாட்டிக்கோங்க. வைஃபை வழியா போய் வைஃபை பாஸ்வேர்டையே மாத்தினா, பாதியில நீங்களே வெளியே நிப்பீங்க. டெர்மினல்ல 'ஐபி ரூட்'னு அடிச்சா, 'டிஃபால்ட் வயா'வுக்குப் பக்கத்துல ஒரு எண் வரும். அவர் வீட்டுல 192.168.1.1. அதை பிரவுசர்ல போட்டோம். யூசர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. கதவு திறந்துடுச்சு!

வைஃபை பாஸ்வேர்டு வேற, இது வேற. உள்ளே வந்த ஒருத்தர் இந்தப் பக்கத்தைத் திறந்து டிஎன்எஸ்ஸை மாத்திட்டா, நீங்க கேட்கிற முகவரிக்குப் பதிலா வேற இடத்துக்குத் திருப்பி விடலாம். பிரவுசர் காட்டுற எச்சரிக்கையை அவசரத்துல தள்ளிவிட்டீங்கன்னா முடிஞ்சது. அதனால முதல்ல இதை மாத்தினோம். வெளியில இருந்து ரூட்டரை நிர்வகிக்கிற வசதியையும் அணைச்சோம், ஃபர்ம்வேரையும் புதுப்பிச்சோம்.

அடுத்து அந்த மொபைல் நம்பர். டபிள்யூபிஏ2-ல உங்க போன் ரூட்டரோட கைகுலுக்கற அந்த ஒரு நொடியை யாராவது பதிவு பண்ணிட்டா போதும். வீட்டுக்குப் போய் நிதானமா எத்தனை பாஸ்வேர்டு வேணும்னாலும் போட்டுப் பார்க்கலாம், ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. நம்ம ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியம். பெருசா தெரியுதா? இன்னைக்கு இருக்கிற உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாத்தையும் போட்டுப் பார்த்துடும்.

2018-ல வந்த டபிள்யூபிஏ3-ல இந்த வேலை நடக்காது, ஒவ்வொரு ஊகத்தையும் ரூட்டர்கிட்டயே கேட்டாகணும். அவரோட ரூட்டர்ல அது இல்லை. அதனால டபிள்யூபிஏ2 மட்டும், ஏஇஎஸ் மட்டும். பாஸ்வேர்டு 63 எழுத்து வரைக்கும் போகலாம். முருங்கை, ஜன்னல், குடை, ரயில், பதினேழுன்னு சம்பந்தமில்லாத அஞ்சு சொல்லை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்துப் போடுங்க. இதையே போட்டுடாதீங்க!

டபிள்யூபிஎஸ்னு ஒரு பட்டன் இருக்கே, அதையும் அணைச்சிடுங்க. அதோட பின் நம்பர் 8 இலக்கம். ஆனா கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு, மீதியையும் ரூட்டர் ரெண்டு பாதியா தனித்தனியா சரிபார்க்கும். ஆக 11,000 முயற்சியில கதை முடிஞ்சிடும். 2011-லயே வெளியே வந்த ஓட்டை இது.

நண்பர் நெட்வொர்க் பேரை மறைச்சு வெச்சிருந்தார், மேக் ஃபில்டரும் போட்டிருந்தார். அதுல அவருக்கு ஒரு பெருமை வேற. மறைச்ச பேரைத் தேடி அவர் போனே காத்துல கூவிக்கிட்டுத் திரியும். மேக் முகவரியை லினக்ஸ்ல ரெண்டு மூணு வரியில மாத்திடலாம். நான் மாத்திக் காட்டினேன், மனுஷன் முகம் சுருங்கிடுச்சு.

கடைசியா சரிபார்க்க 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்'. சுத்தி இருக்கிற எல்லா நெட்வொர்க்கும் வரும், 'செக்யூரிட்டி' பத்தியைப் பாருங்க. காலையில அவர் வரிசையில டபிள்யூபிஏ1, டபிள்யூபிஏ2 ரெண்டும் இருந்தது, இப்போ டபிள்யூபிஏ2 மட்டும். ஆனா ரெண்டு வரி கீழே, ஃபிளாட் நம்பரையே பேரா வெச்ச ஒரு நெட்வொர்க். அதோட செக்யூரிட்டி பத்தியில வெறும் ரெண்டு கோடு. அப்படின்னா பூட்டே இல்லை.

"மேல் வீட்டு மாமி"ன்னார் நண்பர். லேன் கேபிளைக் கழட்டிச் சுருட்டிக்கிட்டு மாடிப்படி ஏறினார்.