இரத்தச் சர்க்கரையும் மின்சார மதகும்



சர்க்கரை வியாதியை அளக்க விஞ்ஞானிகள் உண்டாக்கிவரும் ஒரு நுண்ணிய மின்சாரக் கருவியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

இவ்வியாதி புதியதல்ல. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். மதுமேகம் என்று பெயரும் வைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வைத்தியர் தாமஸ் வில்லிஸ் அது தித்திப்பதாக எழுதினார். 1776-ல் மாத்யூ டாப்ஸன் அதைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரை என்று காட்டினார். ஆனால் எறும்பும் நாக்கும் "உண்டு" என்று சொல்லுமேயொழிய, "எவ்வளவு" என்று சொல்லுமா? 1922-ல் கனடாவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் கொடுக்கப்பட்டது முதல், இந்த "எவ்வளவு" என்பதே உயிர்ப் பிரச்சினையாய்விட்டது. மருந்து குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து.

1962-ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்ற இருவர் ஒரு வழி காட்டினார்கள். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி, இரத்தத்திலுள்ள பல வஸ்துக்களில் குளுக்கோஸையே பொறுக்கியெடுத்து மாற்றும். அம்மாற்றத்தை மின்சாரத்தால் அளக்கலாம் என்பதே அவ்வழி. இன்று தோலில் ஒட்டி வைத்துக்கொள்ளும் சர்க்கரைக் கருவிகளில் பல இதன் வாரிசுகளே.

நிற்க. 1947-ல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. மதகுப் பலகை வாய்க்கால் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதுபோல் அது மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். 1970-ல் ஹாலந்து தேசத்து பெர்க்வெல்ட், அதன் உலோகப் பலகையை எடுத்துவிட்டு, அளக்கவேண்டிய திரவத்தையே அவ்விடத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் நொதியைப் பூசினார்கள். குளுக்கோஸுக்குத் தனக்கென மின்னேற்றம் இல்லை, நொதி அதை அமிலமாக்கும், அமிலம் மதகை அசைக்கும், மின்சாரம் மாறும். மாறிய அளவே சர்க்கரையின் கணக்கு.

இப்பொழுது அந்த வாய்க்காலையே தலைமயிரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கம்பிகளாகவும் குச்சிகளாகவும் செய்கிறார்கள். ஏன்? பருத்த கம்பியில் மேற்பரப்பில் நடக்கும் மாறுதல் உள்ளே எட்டாது. மெல்லியதிலோ முழுவதையும் ஆட்டிவிடும். துத்தநாக ஆக்ஸைடுக் குச்சிகளை இதற்குப் பலர் விரும்புகிறார்கள். உடல் திரவத்தின் நிலையில் அவை நேர் மின்னேற்றமும் நொதி எதிர் மின்னேற்றமும் கொண்டிருப்பதால், ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"அப்படியானால் மருந்துக்கடையில் இது ஏன் இல்லை?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இரத்தத்திலுள்ள உப்பு, மின்னேற்றத்தை மறைக்கிறது. இரத்தம் தனக்குள் சேரும் அமிலத்தைத் தானே அடக்கிக்கொள்ளுகிறது. துத்தநாக ஆக்ஸைடோ அமிலத்தில் கரையக் கூடியது. நொதியும் நாளாக நாளாக வலுக் குறையும். சோதனைச்சாலைக் கண்ணாடிக் குவளையில் வெல்லுவது வேறு, மனிதன் உடம்பில் வெல்லுவது வேறு.

ஆகவே தோழர்களே! தாயத்துக்காரன் "சர்க்கரை இறங்கிவிட்டது" என்றால், "எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு?" என்று கேளுங்கள். அதே கேள்வியைப் புதுக் கருவி விற்பவனிடமும் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சோதனையோடு ஒத்துப்பார்த்துக் காட்டாத எந்தக் கருவியையும் நம்பி இன்சுலினைக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னவுடன் கை கூப்புவதும் மூடநம்பிக்கையே. அளந்து காட்டு என்று கேட்பவன்தான் அதன் உண்மையான நண்பன் என்பதைச் சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.