கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்



கொல்கத்தாவில் வாழும் தமிழர் பலரும் கலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையைக் கண்டிருப்பீர்கள். பறவைகளும் பூச்செடிகளும் வண்ண மீன்களும் அங்கே விலைக்கு வருகின்றன. அலங்கார மீன் வளர்ப்பிலும் வாணிகத்திலும் நம் நாட்டில் மேற்கு வங்கம் முன்னணியில் நிற்பது. நன்னீர் மீன் வளர்த்துக் கை பழகியவர்க்கு, அடுத்தபடியாகக் கடலையே வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்னும் ஆசை எழுவது இயல்பு. பவளமும் கடல் தாமரையும் இறாலும் வாழும் உவர்நீர்த் தொட்டியை அமைப்பது எப்படி, அதில் எவற்றை வைக்கலாம், எவற்றை வைக்கலாகாது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

பவளம் என்றதும் மாலையில் கோக்கும் சிவந்த மணியே நம் நினைவுக்கு வரும். அது மத்தியதரைக் கடலில் விளையும் வேறோர் இனம். மன்னார் வளைகுடாவில் பார் கட்டும் பவளம் வேறு. கடலடித் திட்டைப் 'பார்' என்பது நம் மீனவர் வழக்கு. முத்துப் பார் என்று நாம் கேட்டதில்லையா? இந்தப் பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று, பிராணி. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவேயான மெல்லுடல், நடுவே வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். இவ்வளவே அதன் உருவம். இத்தகைய ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒன்றாய்க் கூடித் தமக்கடியில் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் அதற்கு இடமும் உரமும் தருகிறது. தெளிந்த நீரும் வெளிச்சமும் இல்லையேல் இந்தக் கூட்டுக் குடித்தனம் நடவாது. கங்கையின் வண்டலும் நன்னீரும் வந்து கலக்கும் வங்கக் கரையில் பவளப் பார் இல்லாமைக்குக் காரணம் இதுவே.

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாம் என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடற்பாறைத் துண்டுகளை அவற்றில் வாழும் உயிர்களோடு தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் ஓடவிட்டு அவர் கண்ட முறை 1961-இல் அச்சில் வெளிவந்தது. அழுக்கை நீக்கும் வேலையைப் பாறையில் வாழும் பாக்டீரியாக்களே செய்கின்றன என்பது அதன் தத்துவம். இன்றைய முறைகளும் இந்த அடிப்படையிலேயே நிற்கின்றன.

கொல்கத்தாவில் இதைச் செய்வோர், குழாய் நீரை நேரே ஊற்றலாகாது. ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும்படி வைக்கவேண்டும். பவளத்துக்கு லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியமும், 25 முதல் 27 டிகிரி வரையுள்ள வெப்பமும் தேவை. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே சேர்க்கவேண்டும். தொட்டி அமைத்து நான்கு முதல் ஆறு வாரம் வரை, அம்மோனியா முற்றும் மறையும்வரை, எந்த உயிரையும் விடாது பொறுத்திருத்தல் நலம். மீன் நோய்க்கு இடும் செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆனால் இத்தனையும் அறிந்தவரும் கட்டாயம் அறியவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. நம் நாட்டுக் கடலில் பார் கட்டும் பவளம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் இடந்தரவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பார் கட்டும் பவளம், கரும்பவளம், கடல் விசிறி முதலியன 2001-இல் சேர்க்கப்பட்டன. கடல் அட்டையும் அவ்வாறே காக்கப்படுவது. முதல் அட்டவணை உயிர்களைப் பிடிப்போர்க்கும் விற்போர்க்கும் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பவளத்தின் உலர்ந்த எலும்பை அலமாரியில் அழகுக்கு வைப்பதும் இதற்கு விலக்கன்று.

இக்கண்டிப்பு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் கடல் தொட்டியைப் பற்றி 1854-இல் ஒரு நூல் எழுதினார். படித்தவர்கள் கூட்டங்கூட்டமாய்க் கடற்கரைக்குச் சென்று பாறைக் குழிகளை வெறுமையாக்கிவிட்டனர். அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் இதனை வருத்தத்தோடு குறித்துள்ளார். அங்கே அழித்தது ஆசை. நம் கரையில் அழித்தது சூளை. தூத்துக்குடிப் பக்கத்தில் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிப் போயின. அலையைத் தடுத்த பவள அரண் போனதே இதற்கு முக்கிய காரணம் எனப்படுகிறது. அத்தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பின்னரும் திருட்டுத்தனமாகப் பவளம் வெட்டுவது நெடுங்காலம் நிற்கவில்லை.

அப்படியானால் உவர்நீர்த் தொட்டியே வேண்டாமா? அப்படியன்று. செயற்கைப் பாறை அடுக்கி, பாசி மேயும் நத்தை, மீனின் உடலைத் துப்புரவு செய்யும் இறால், காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டு ஆகியவற்றுள் அட்டவணையில் இல்லாத இனங்களை வளர்க்கலாம். வாங்குமுன் உயிரின் பெயரையும், அது வந்த வழியையும் கேளுங்கள். அயல்நாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அயல்நாட்டு அரிய இனங்கள் பலவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் வாங்காது விடுதலே மேல். பவள இனங்களை அறிய விரும்புவோர்க்குக் கொல்கத்தாவிலேயே வழியுண்டு. இங்கே தலைமையகம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம், கே. வெங்கடராமனும் பிறரும் எழுதிய இந்தியப் பவளங்கள் பற்றிய கையேட்டை 2003-இல் வெளியிட்டது.

சித்திரை வெயிலில் மின்சாரம் தடைப்பட்டுத் தொட்டி நீர் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் அதனுள் வாழும் சிற்றுயிர்கள் தவிப்பதை வளர்ப்பவர் காண்பார். கடலிலும் இதுவே நடக்கிறது. கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுக்கிறது. வெப்பம் தணியாவிடில் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இவ்வாறே பவளங்கள் வெளுத்தன. தொட்டிக்குக் குளிர்விக்கும் கருவி வாங்கலாம். கடலுக்கு அப்படி எதுவும் இல்லை.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் குழந்தைகளை மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ அழைத்துச் சென்று அந்தக் கடலைக் காட்டுங்கள். வீட்டில் ஒரு நத்தையையும் நண்டையும் பேணிப் பழகிய குழந்தைக்கு, அங்கே நீருக்கடியில் எத்தகைய குடித்தனம் நடக்கிறது என்பதை விளக்கிச் சொல்ல அதிக நேரம் ஆகாது.