கருவித் தேர்வும் கணினியின் உட்கருவும்



இன்று நம் தோட்டப்புற இல்லங்களில் கைப்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அவற்றுள் ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தது எதுவாயினும், அதன் அடிப்பகுதியில் லினக்ஸ் என்னும் உட்கரு ஒன்று ஓய்வின்றி வேலை செய்துகொண்டிருக்கிறது. உட்கருவைக் கெர்னல் என்றும் சொல்வர். விரல் தொட்டதை உணர்ந்து உரிய செயலிக்குச் சொல்வது, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது ஆகியவை அதன் பொறுப்பு. அது தவறினால் கைப்பேசியில் வேறெதுவும் ஒழுங்காக நடவாது.

இந்த உட்கருவை எந்தக் கருவிகளைக் கொண்டு கட்டுகிறார்கள்? அக்கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை அண்மை ஆண்டுகளில் எவ்வாறு எளிமையாயிற்று? இவற்றையே இன்று காண்போம். கணினிப் படிப்பில் காலடி வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் சற்றுக் கூடுதலாகச் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

லினக்ஸ், 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று பல நாட்டார் சேர்ந்து வளர்க்கும் பெரும் பணியாகி, 3 கோடி வரிகளையும் தாண்டி நிற்கிறது. அவ்வரிகளை மனிதர் எழுதுவது பெரும்பாலும் சி என்னும் கணினி மொழியில். கணினியின் சில்லுக்கோ அந்த மொழி புரியாது. ஒன்றும் சுழியுமான குறிகளே அதற்குப் புரியும். ஆகவே, மனிதர் எழுதியதைச் சில்லின் மொழிக்குப் பெயர்த்துத் தர ஒரு கருவி வேண்டும். அதுவே கம்பைலர். தமிழில் நிரல்பெயர்ப்பி என்போம்.

பெயர்ப்பி ஒன்று மட்டும் இருந்தால் வேலை முடிந்துவிடாது. நம்மில் மூத்தோர் அறிந்த கித்தா வேலையை எண்ணிப் பாருங்கள். மரத்தைச் சீவ உளி வேண்டும். பாலை ஏந்த மங்கு வேண்டும். பிறகு வாளி, வடிகட்டி, பாலை உறைய வைக்கத் திராவகம், தட்டு, தகடாக்க உருளை, உலர்த்தப் புகைக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றிலிருந்து வெளிப்படுவது அடுத்ததற்குள் போகிறது. தட்டு நல்ல தட்டுதான், உருளையும் நல்ல உருளைதான். ஆனால் தட்டில் உறைந்த கட்டி உருளைக்குள் நுழையாத அகலமாயிருந்தால் இரண்டும் நல்லவையாய் இருந்து என்ன பயன்?

உட்கருவைக் கட்டும் வேலையும் அவ்வாறே. பெயர்ப்பி தன் பங்கை முடித்ததும், அசெம்பிளர் என்னும் கருவி அதனைச் சில்லின் குறிகளாக்குகிறது. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒன்றாகத் தைப்பது இணைப்பி. துண்டுகளைக் கட்டி வைக்க ஒரு கருவி, பெயர்களைப் பட்டியலிட ஒரு கருவி, வேண்டாத பகுதியைச் சீவியெறிய ஒரு கருவி என்று இன்னும் பல உண்டு. இவை அனைத்தையும் சேர்த்துக் கருவித்தொடர் என்கிறோம்.

நெடுங்காலமாக லினக்ஸைக் கட்டப் பெரும்பாலும் ஒரே பெயர்ப்பியையே பயன்படுத்தினர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி என்பது அதன் பெயர். லினக்ஸை எழுதியோர் ஜிசிசிக்கே உரிய சில சிறப்பு வசதிகளைப் பயன்படுத்தி எழுதிவிட்டதால், வேறு பெயர்ப்பி அதனைப் படிப்பது கடினமாயிருந்தது. இதற்கிடையில், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வே, கிறிஸ் லாட்னர் ஆகியோர் எல்எல்விஎம் என்னும் புதிய பணியைத் தொடங்கினர். அதன் வழிவந்த கிளாங் என்னும் சி மொழிப் பெயர்ப்பி 2007இல் பொதுவில் வைக்கப்பட்டது. பொறியாளர் பலர் பல்லாண்டு உழைத்து, லினக்ஸும் கிளாங்கும் ஒத்துப்போகும்படி செய்தனர். 2017இல் கூகுள் வெளியிட்ட பிக்சல் 2 கைப்பேசியின் உட்கரு கிளாங்கினால் கட்டப்பட்டதாகும்.

ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே பார்த்தால், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் அல்லவா? இரு பெயர்ப்பிகளும் வெவ்வேறு பிழைகளைச் சுட்டிக்காட்டுவதால் உட்கரு உறுதி பெறுகிறது. மேலும், ஜிசிசியில் ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனித்தனிக் கருவித்தொடரை நிறுவவேண்டும். மேசைக் கணினியில் இருந்துகொண்டு கைப்பேசிச் சில்லுக்காகக் கட்டுவோர்க்கு இது பெருந்தொல்லை. கிளாங்கிலோ ஒரே பெயர்ப்பி பல வகைச் சில்லுகளுக்கும் பெயர்த்துத் தரும்.

நன்மை இவ்வளவு இருந்தும், புதியவர் வாசலிலேயே தடுக்கி விழும்படி ஒரு சிக்கல் இருந்தது. எல்எல்விஎம் குடும்பத்துக் கருவிகளைக் கொண்டே உட்கருவைக் கட்ட விரும்புவோர், பெயர்ப்பிக்கு இது, இணைப்பிக்கு இது, பட்டியலுக்கு இது என்று 12க்கும் குறையாத பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யவேண்டும். அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டால், அவ்விடத்தில் பழைய குடும்பத்துக் கருவி சத்தமின்றி வந்து அமர்ந்துகொள்ளும். சில வேளை வேலை நடந்துவிடும். சில வேளை நெடுநேரம் ஓடியபின் புரியாத ஒரு பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அனுபவசாலி காரணத்தைக் கண்டுகொள்வார். அறிவுரை கூற ஆளின்றித் தனியே கற்கும் இளைஞரோ, இது நமக்கு ஏற்ற படிப்பன்று என்று எழுந்து போய்விடக்கூடும். குற்றம் அவரிடத்தில் இல்லை. வாசல் அப்படி அமைந்திருந்தது.

இதற்கு ஒரு முடிவு 2020ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த லினக்ஸ் 5.7 பதிப்பில் கிட்டியது. கட்டுமான முறையைப் பராமரித்துவந்த மசஹிரோ யமதா ஒரு மாற்றத்தைச் செய்தார். அதன்படி, கட்டளையோடு எல்எல்விஎம் சமம் 1 என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். மேற்சொன்ன அத்தனை கருவிகளும் ஒரே குடும்பத்திலிருந்து தாமே வந்து சேரும். 2021இல் வந்த 5.15 பதிப்பில், அசெம்பிளர் வேலையையும் கிளாங்கே ஏற்றுக்கொள்வது வழக்கமாயிற்று. வேறு சில்லுக்குக் கட்டும்போது தனியாகத் தரவேண்டியிருந்த முன்னொட்டுப் பெயரும் தேவையற்றுப் போயிற்று. 2022இல் வந்த 5.18 பதிப்பு, ஒரே கணினியில் பல பதிப்புகள் இருந்தால் எது வேண்டும் என்பதையும் அதே சொல்லின் இடத்தில் குறிப்பிட வழி செய்தது.

எளிமையாக்குவது என்றால் கருவிகளைக் குறைப்பது என்று சிலர் எண்ணுவர். இங்கே ஒரு கருவிகூடக் குறையவில்லை. ஒன்றோடொன்று பொருந்தும் கருவிகளை ஒரே கட்டாகக் கட்டி, அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். நினைவில் வைக்கவேண்டிய சுமை, கற்க வருபவரின் தலையிலிருந்து இறங்கிக் கட்டுமான முறையின் தோளுக்குச் சென்றது. தேவைப்பட்டவர் ஏதேனும் ஒரு கருவியை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமையும் அப்படியே இருக்கிறது.

கருவித் தேர்வில் கவனம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு மெய்யான சான்று ஒன்றுண்டு. 2021இன் தொடக்கத்தில், ஆர்ம் சில்லுகளுக்கான லினக்ஸ் பணியில் நெடுநாள் ஈடுபட்டிருந்த ரஸ்ஸல் கிங், தம் கணினியின் கோப்பு அமைப்பில் எப்போதாவது தோன்றிய பிழையின் காரணத்தைத் தேடினார். வட்டிலும் குறையில்லை, எழுதிய வரிகளிலும் குறையில்லை. உட்கருவைக் கட்டிய ஜிசிசி 4.9 பதிப்பில்தான் குறை இருந்தது. தற்காலிக நினைவிடத்திலிருந்து தரவைப் படித்து முடிக்கும் முன்பே, அவ்விடத்தை அது விடுவித்துவிடும். அந்த நொடியில் வேறு வேலை குறுக்கிட்டால் தரவு கெட்டுவிடும். இதனால், 64 பிட் ஆர்ம் சில்லுகளுக்கு 5.1க்கு முற்பட்ட ஜிசிசி விலக்கப்பட்டது. பின்னர் 5.15 பதிப்பில் எல்லாச் சில்லுகளுக்கும் அதுவே குறைந்த அளவாயிற்று. 2025இல் வந்த 6.16 பதிப்பில் அந்த அளவு ஜிசிசி 8ஆக உயர்ந்தது. தேவையான அளவுக்கும் பழைய பெயர்ப்பியைக் கொடுத்தால், கட்டுமான முறையே தொடக்கத்தில் நிறுத்திச் சொல்லிவிடுகிறது.

இனி, முயன்று பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள். முதலாவது, எந்தக் குடும்பத்தைத் தேர்ந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதிலேயே நில்லுங்கள். அமைப்பைத் தெரிவு செய்யும்போது ஒரு குடும்பம், கட்டும்போது வேறு குடும்பம் என்றால் குழப்பமே மிஞ்சும். இரண்டாவது, எல்எல்விஎம் வேண்டாம் என்றால் அச்சொல்லை அறவே எழுதாமல் விடுங்கள். சுழி என்று எழுதினாலும் அது ஒன்று என்று எழுதியதற்கே சமமாகும். இதில் ஏமாந்தோர் உண்டு. மூன்றாவது, ஜிசிசியும் சிறந்த கருவியே. எதையும் சொல்லாவிடில் லினக்ஸ் இன்றும் அதனையே எடுத்துக்கொள்ளும். நான்காவது, லினக்ஸின் மூல வரிகளோடு வரும் ஆவணங்களில் எந்தக் கருவிக்கு எந்தப் பதிப்பு குறைந்த அளவு என்ற பட்டியல் உண்டு. வேலையைத் தொடங்குமுன் அதனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, லினக்ஸ், ஜிசிசி, கிளாங் ஆகிய மூன்றுக்கும் ஒரு காசும் கட்டணம் இல்லை. மூல வரிகள் எல்லார்க்கும் திறந்தே இருக்கின்றன. பழைய கணினி ஒன்றும் இணையத் தொடர்பும் இருந்தால், லயத்து வீட்டில் இருக்கும் பிள்ளையும் பெருநகரப் பொறியாளர் கையாளும் அதே கருவிகளைக் கையாளலாம். கணினி பழையதாயின் உட்கருவைக் கட்டி முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கலாம், பொறுமை வேண்டும். பிள்ளை இரவில் கணினி முன் அமர்ந்து, ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீண் பொழுது என்று உடனே கடிந்துகொள்ளாதீர்கள். என்ன கட்டுகிறாய், எந்தக் கருவியால் கட்டுகிறாய் என்று கேளுங்கள். விளக்கிச் சொல்ல முயலும்போது அப்பிள்ளையின் அறிவு மேலும் தெளிவடையும்.

தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காக வழியைச் சற்றுச் செப்பனிட்டு வைத்தார்கள். பன்னிரண்டு சொற்கள் ஒரு சொல்லாயின. அவ்வழியில் நடந்துபோய், அடுத்து வருவோர்க்கு இன்னும் கொஞ்சம் செப்பனிட்டு வைப்பவர்களாக நம் பிள்ளைகளும் வளரட்டும்.